கேட்காமல் எதுவும் செய்யாது

"கேக்காம அது எதையும் செய்யாது, மணிமொழி. கம்ப்யூட்டர் கேட்டிருக்கும். நீதான் படிக்காம 'எஸ்'ஸை அமுக்கியிருப்ப."

தசரதன் குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கிப் போகிற மனிதர் அவர்.

தேரடித் தெருவில் இருக்கும் அவருடைய டி.டி.பி. கடையில் அவள் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். தை மாதத்துக் கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தன. இன்று காலையில் வந்து திறந்தால் ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை, பெண், தாய்மாமன், குலதெய்வம் எல்லாரும் போன இடம் தெரியவில்லை.

"சார், கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் வரேன். ரெண்டு நாளா நான் கடையிலயே இல்லைங்களே."

"நான் இருந்தேனே! மெயில் பாத்தேன், ஒண்ணு ரெண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒரு வாட்டியாச்சும் அந்த மஞ்சள் முக்கோணம் வந்துச்சா? வரல. அப்ப என்ன அர்த்தம்? நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே வைரஸ் உள்ள பூந்து உக்காந்திருக்கு."

அவர் இப்படிப் படிப்படியாக நிரூபிக்க நிரூபிக்க, மணிமொழிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த எதையாவது திறக்கப் போனால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். மஞ்சள் முக்கோணம் போட்டு, 'இது வெளியிலிருந்து வந்தது, திறக்கலாமா?' என்று இங்கிலீஷில் கேட்கும். அந்தப் பெட்டிமேல் தசரதனுக்கு அசாத்திய நம்பிக்கை. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு நம்பியதில்லை. 'கேட்டால் நோ அமுக்கவும்' என்று தன் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தீபப் படம், ஃபிரேம் போட்டு, சாமந்திச் சரம் சாத்தி இருந்தது. மலை, உச்சியில் தீபம், மேலே முழு நிலா, கீழே சிவப்பு எழுத்தில் 'அரோகரா'. தீபத்தன்று தெருவுக்குத் தெரு விற்கிற மாதிரிப் படம்தான். காலையில் கண்ணை மூடி அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். கும்பிட்ட பலன் உடனே கிடைத்துவிட்டது!

"மெக்கானிக் அறிவுச்செல்வன் வந்து பாக்கட்டும். ஆனா நாளையிலருந்து நீ வர வேணாம்மா" என்றார் தசரதன். "கல்யாண வீட்டுக்காரங்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. நான்தான பதில் சொல்லணும்?"

மணிமொழி டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். தசரதன் நல்ல மனுஷர் என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளை டவுனுக்கு அனுப்பச் சம்மதித்தார் அவளுடைய அப்பா. அந்த நல்ல மனுஷரே துரத்திவிட்டார் என்று தெரிந்தால் இன்னொரு கடை வாசலை மிதிக்க அப்பா விடமாட்டார். அவள் படித்த படிப்பும் பழகிய தொழிலும் வீட்டோடு முடங்கிவிடும்.

அந்த நேரத்தில் மெக்கானிக் அறிவுச்செல்வன் வேங்கிக்காலிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான்.

"அந்தக் கலர் பிரிண்டரையும் பாத்துடுப்பா. ரெண்டு நாளா குறுக்கால ஒரு வெள்ளைக் கோடு போடுது" என்றார் தசரதன்.

"முதல்ல இதைப் பாக்கறேண்ணா." அவன் உட்கார்ந்து எதையெதையோ தட்டினான். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் திருப்பினான். "அண்ணா, மணிமொழியைத் திட்டாதீங்க. திறந்தது யாரா இருந்தாலும் அந்த எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்காது."

"வராம எப்படிப்பா? கேக்காம அது எதையும் செய்யாதே!"

"சிஸ்டத்துலயே ஒரு ஓட்டைண்ணா. நேரா அனுப்புனா கேக்கும். இந்த வைரஸ்காரன் மெயில்ல ஜிப் மூட்டையா கட்டி அனுப்பறான். மூட்டையைப் பிரிச்சதும், உள்ள இருக்கறது நம்ம வீட்டுச் சாமான்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்குது. ஒரு வார்த்தை கேக்காம திறந்து உட்டுடுது. அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் துடைச்சுடுது. எங்க பக்கத்துல ஒரு கடையில நேத்து இதே கூத்து."

மணிமொழி மெல்லக் கேட்டாள்.

"திறந்தா என்னண்ணா தெரியும்? தெரியாத்தனமா நானே ஏதாவது திறந்துட்டேனான்னு யோசிச்சுப் பாக்கறேன்."

"பாத்தா சந்தேகமே வராதுங்க. சும்மா ஒரு போட்டோ. நம்ம மலை, உச்சியில தீபம், மேல முழு நிலா, கீழ செவப்புல 'அரோகரா'ன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். அவன் பார்வை போன இடத்துக்கு மணிமொழியும் திரும்பினாள்.

காலையில் கண்ணை மூடிக் கும்பிட்டதால் கண்ணில் படாதது இப்போது பளிச்சென்று தெரிந்தது. சாமந்திச் சரத்துக்குக் கீழே, மலைக்குக் குறுக்கே, கடைக் கலர் பிரிண்டரின் அதே வெள்ளைக் கோடு ஓடியது.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தாள்.

"என்னை அது ஒண்ணுமே கேக்கலையே, மணிமொழி..." என்றார் தசரதன்.