கண்ணை மூடிய ஜெபம்

சாப்பாட்டு மேஜைக்கு மேலே கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோற்றுக்கு முன்னால் யாராவது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அது சிவப்பாகிவிடும், போலீஸ் வண்டி வந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஞானதுரையை அப்படித்தான் கொண்டுபோனார்கள். இன்று காலையில்தான் விட்டிருந்தார்கள்.

ஜெபசீலி புருஷனுக்குச் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினாள். "ஏங்க, கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்ணுங்க. பிள்ளையையும் அப்படித்தான் பழக்கியிருக்கேன்" என்று கிசுகிசுத்தாள்.

அவன் மகள் பெர்சிஸைப் பார்த்தான். நாலு வயசு. தட்டையே வெறித்துப் பார்த்து, உதடு அசையாமல் ஜெபித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தது பிள்ளை.

ஞானதுரை கையைக் கூப்பிக் கண்ணை மூடினான்.

"யம்மா, அப்பா சாப்பிடாமத் தூங்குறாங்க!"

விளக்கு சிவந்தது. ஜெபசீலி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"ஆமென்" என்று கண்ணைத் திறந்தான். "இவ ஒரு தடவையாவது பார்க்கட்டும், ஜெபசீலி."

போன தடவை வண்டி வரப் பத்து நிமிஷம் ஆனது.

அவள் அழவில்லை. சட்டியில் மிச்சமிருந்த மீனையெல்லாம் அவன் தட்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மளமளவென்று முள்ளை எடுக்க ஆரம்பித்தாள்.

"பேசாதீங்க. சாப்பிடுங்க."