நாக்கில் ஒட்டுவது

அந்த மணற்பாறையில் கல்லும் டைனோசர் எலும்பும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால், தோண்டியெடுக்கும் ஆய்வாளர்கள் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கல் என்றால் விழுந்துவிடும், எலும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும். தில்லைநாயகம் பாதி ஆயுளை அப்படித்தான் கழித்தார். மாதக்கணக்கில் கூடாரத்தில் தனியாகக் கிடந்துவிட்டு வீடு திரும்பினால், மனைவி கோமளா வாசலிலேயே மறிப்பாள். "கல்லை நக்குன வாயோட கிட்ட வராதீங்க. போய்க் கொப்பளிச்சுட்டு வாங்க."

அவள் சிதைக்குத் தீ வைத்த மறுநாள் காலை, சுடுகாட்டு ஊழியர் சாம்பலில் பால் தெளித்துவிட்டு, ஒரு கலயத்தை அவரிடம் நீட்டினார். "எலும்பாப் பாத்துப் பொறுக்கிப் போடுங்க சார்."

சாம்பலுக்குள் செங்கல் சில்லுகளும் கிடந்தன. எல்லாம் ஒரே நிறம். தில்லைநாயகம் ஒரு துண்டை எடுத்தார், ஊதினார், திருப்பிப் பார்த்தார். பிறகு, என்றும் செய்வதுபோல, நாக்கில் வைத்தார்.

"ஐயோ அத்தான், என்ன பண்றீங்க!" கோமளாவின் தம்பி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். கை வந்தது. துண்டு வரவில்லை.

"துப்புங்க அத்தான், துப்புங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார்.