மூலைப் பீப்பாய்

வாயில் வைத்ததை அவளால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

எதிரே ஃபாதர் இருதயதாஸ் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அவர் வாயிலும் அதே ஒயின்.

மடத்து நிலவறையில் பன்னிரண்டு பீப்பாய்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பூசைக்கான ஒயின். மறைமாவட்டத்தின் அத்தனை கோயில்களுக்கும் இங்கிருந்துதான் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆயர் இல்லத்திலிருந்து ஃபாதர் வருவார். ஒவ்வொன்றாகச் சுவைப்பார், தேறியதைச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். இன்றும் பதினொன்றைச் சுவைத்து மண்சட்டியில் துப்பியாயிற்று. அதோடு மனிதர் மேலே போய்க் காபி குடித்திருக்கலாம்.

எந்த வருடமும் இல்லாமல் மூலைக்கு வந்தார்.

"இது மட்டும் ஏன் சிஸ்டர் தனியா நிக்குது?"

"அது கேக்குக்கு, ஃபாதர். கிறிஸ்மஸுக்கு."

அந்தப் பதிலோடு விடுகிற ஆளா அவர்? குழாயைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிடித்தார். ஒன்றை அவள் கையில் கொடுத்தார். நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது.

முதலில் இனிப்பு. பிறகு காய்ந்த திராட்சை, பேரீச்சை, எங்கோ வறுத்த முந்திரி. கடைசியில் தொண்டைக்குள் மெல்லிய சூடு.

அந்தச் சூடுதான் அவள் செய்த தப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. நிலவறைப் பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பூசை ஒயினில் திராட்சையைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது. இனிப்பு நிற்கவும் கெடாமல் இருக்கவும் ஊற்றுகிற சாராயம்கூடத் திராட்சையிலிருந்து இறக்கியதாக இருக்க வேண்டும். அந்த வருடம் மழையில் மலைப்பாதை சரிந்து, அந்தச் சாராயம் கொண்டுவரும் லாரி வரவில்லை. பீப்பாயில் திராட்சை ரசம் புளித்துக் கெடத் தொடங்கிவிட்டது. மூலிகை டானிக் காய்ச்சுவதற்கென்று மடத்தில் கரும்புச் சாராயம் இருந்தது. இரண்டு கேன்.

ஊற்றிவிட்டாள்.

ஊற்றிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. பீப்பாயை மூலைக்குத் தள்ளிக் கேக்குக்கு என்று பெயர் வைத்தாள். கேக்குக்கு எவ்வளவு வேண்டும்? வருடத்துக்கு ஒரு செம்பு. மீதி அப்படியே கிடந்து பழுத்தது.

இன்று அதில் கரும்பு தெரியவில்லை. அவள் நாக்குக்கே தெரியவில்லை. சனியன், கெட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஃபாதர் துப்பவில்லை. விழுங்கினார்.

"ஞாயித்துக்கிழமை மூணு பேருக்குக் குருப்பட்டம், சிஸ்டர். பீடத்துல இதுதான் இருக்கணும்."

அவளும் விழுங்கினாள்.

மூன்று பையன்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் படித்து, முதல்முறை கிண்ணத்தை உயர்த்துவார்கள். கரும்பு கலந்தது ஒயினே இல்லை; கிண்ணத்தில் ஒயின் இல்லை என்றால் அது பூசையே இல்லை. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் இவரிடமே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லலாம்தான். அங்கே கேட்டதை அவர் சாகும்வரை வெளியே விடமாட்டார். ஆனால் அதை வைத்துப் பீப்பாயைத் தடுக்கவும் அவரால் முடியாது. தெரிந்துகொண்டே அவரும் கிண்ணத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அப்படியானால் இங்கேயே சொல்ல வேண்டும், நின்ற வாக்கில், பச்சையாக. பொறுப்பு போகும். மடத்தின் பெயர் போகும். போகட்டும்.

குவளையைக் கீழே வைத்தாள்.

"ஃபாதர், ஒண்ணு சொல்லணும்."

"இருங்க, நானும் ஒண்ணு சொல்லிடுறேன். கோவிச்சுக்கக் கூடாது." அவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் திருட்டுச் சிரிப்பு. "தெரியாத மாதிரிதான் கேட்டேன், இந்த ருசி எனக்குப் புதுசு இல்ல சிஸ்டர். போன வருசம் உங்க அம்மா தவறி, நீங்க அப்பாவைப் பாத்துக்க ஒரு மாசம் ஊர்ல இருந்தீங்கல்ல? சாவி பெர்னதெத் சிஸ்டர்கிட்ட இருந்துச்சு. நான் வந்து நல்ல ஒயினா கேட்டேன். இதுலேருந்து ரெண்டு பாட்டில் பிடிச்சுக் குடுத்தாங்க."

"எதுக்கு ஃபாதர்?"

"நீங்கதானே போன்ல கேட்டீங்க, அம்மாவுக்கு முப்பது பூசை வைக்கச் சொல்லி? முப்பதும் இதுலதான் வச்சேன். அம்மாவுக்குன்னு சொல்றப்ப சாதாரண ஒயினை எடுக்க மனசு வரல."

இறந்தவரின் ஆத்துமா உத்தரிக்கிற வேதனையிலிருந்து விடுபட, முப்பது நாள், ஒரு நாளும் விடாமல் வைக்க வேண்டிய பூசைகள். ஊரில் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பதாம் நாள் சாயங்காலம், இனி அம்மா வேதனையில் இல்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

அந்த முப்பதிலும் கரும்பு இருந்திருக்கிறது.

"அப்பா நல்லா இருக்காரா சிஸ்டர்? இப்ப தேறிட்டாரா?"

"தேறிட்டார்."

"சரி, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

அவர் குவளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை பாட்டில் வேணும், ஃபாதர்?" என்று கேட்டாள்.