ஒன்பது நிமிஷம்

"டூப்ளிகேட் டிஸ்கை மாட்டிட்டுப் போயிட்டேளா?" கதவைத் திறந்ததுமே கேட்டார் ராகவேந்திரன்.

கமர் ஜஹானுக்கு மூச்சு வாங்கியது. மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி; இந்த மாதத்தில் இதே வீட்டுக்கு மூன்றாவது தடவை. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகக் கம்ப்யூட்டர் கடை முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

ராகவேந்திரனின் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்கைப் போட்டவள் அவள்தான். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே அதில் ஏற்றி, பழையதையும் ஒரு பாதுகாப்புக்கு உள்ளேயே விட்டுவைத்திருந்தாள். ஆன் ஆக ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்த மெஷின் அன்று பதினைந்து விநாடியில் எழுந்து நின்றது.

நாலே நாளில் மறுபடி பழைய டிஸ்கிலிருந்தே ஓட ஆரம்பித்திருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோய் செட்டிங் மாறியிருக்கும் என்று நினைத்து, போன வாரம் அதையும் மாற்றிக் கொடுத்தாள்.

"பேட்டரி புதுசு சார். இனிமே தானா மாறாது."

"மாறலையா? நீங்களே பாருங்கோ." ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தார்.

ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சுற்றியது. திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. கமர் ஜஹான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இதற்குப் பிறகு அடையாறில் இரண்டு வீடு பாக்கி.

ஹாலில் அவர் மனைவி சாருலதா காபி கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது.

"மாடி டேங்கை இன்னும் அலம்பலையாமே?" என்றார் ராகவேந்திரன்.

"அந்த ஃப்ளாட் செக்ரட்டரிக்கு அலம்பறதுன்னா வாயால அலம்பறதுதான்" என்றாள் சாருலதா. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் பெங்களூரில் இருக்கும் பெண், அவளுடைய புது வீடு, சாருலதாவின் முழங்கால் வலி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

திரையில் வெளிச்சம் வந்தது. ராகவேந்திரன் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "பார்த்தேளா? முழுசா ஒன்பது நிமிஷம். மனுஷன் எப்போ வேலை பார்க்கறது?"

அதற்குள் அவர் செல்போன் அடித்தது. ஆபீஸ். "தோ, இப்போ அனுப்பிடறேன்" என்றபடி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கமர் ஜஹான் மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டு, செட்டிங்கைத் திறந்தாள். கடிகாரம் சரியாக ஓடியது. பேட்டரியில் கோளாறு இல்லை. ஆனால் மெஷின் எந்த டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்கிற வரிசையில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் முதலில் நின்றது. யாரோ கையால் மாற்றினால் ஒழிய இப்படி ஆகாது.

"சார்..." என்று எழுந்தாள்.

"அவரைக் கூப்பிடாதேம்மா." அறை வாசலில் சாருலதா நின்றிருந்தாள். "நான்தான் மாத்தினேன். ரெண்டு தடவையும். அன்னிக்கு நீ பண்ணினதைப் பின்னாடி நின்னு பார்த்துண்டிருந்தேன்."

கமர் ஜஹானுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா? என் வேலையே போயிடும் போல கீதும்மா!"

"போகாது. உங்க முதலாளிக்கு நானே போன் பண்ணி, உன் மேல தப்பு இல்லேன்னு சொல்லிடறேன். ஆனா இதை மட்டும் அப்படியே விட்டுடு."

"இவ்ளோ ஸ்பீடா புதுசு இருக்கும்போது, எதுக்கும்மா அந்தப் பழசு?"

சாருலதா பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

"அது ஆன் ஆகற வரைக்கும்தாம்மா அவர் என்னோட பேசுவார்."