சபைத் தளத்தில் ஒரு அலை

தூத்துக்குடித் துறைமுகத்துக் கப்பல் சங்கு மதிய மயக்கத்தில் கரைந்தது. பல வெப்சைட்டுகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில், சர்வர் சுமையைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு அலைபோல எழுந்து எழுந்து விழுவதையே ஷீஜா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குதியா? உன் வீட்டுக்காரரு பேசுனாரா?" என்றாள், உடன் வேலைபார்க்கும் ஜெயஷீலா.

"சண்டை போட்டுட்டுக் கப்பலேறுன மனுஷன். ஒரு மாசமா ஒரு வார்த்தை இல்லக்கா. நானுந்தான் ஏங்கிப்போய்க் கெடக்கேன்."

"பேசுவாரு. அந்தக் கோடு என்ன இப்படி ஏறுது?"

"எங்க நாசரேத்து சபை வெப்சைட். நாங்க கொயர்ல பாடுன பாட்டுப் பக்கத்த ஒரே இடத்துலயிருந்து ஓயாமத் தொறக்காங்க. டேட்டாபேஸ் மூச்சு வாங்குதுக்கா."

"எந்த மனுஷனாவது ஒரே பாட்ட இப்படிக் கேப்பானா? ஏதோ திருட்டு புரோகிராம். அடைச்சிரு. இல்லன்னா மத்த வெப்சைட்டெல்லாம் படுத்துரும்."

ஷீஜா அந்த இடத்திலிருந்து வரும் வழியை அடைத்தாள். அலை ஓய்ந்து, கோடு கண்ணுறங்கியது.

சற்று நேரத்தில் கைபேசி ஒலித்தது. கணவன் பெவின்!

"ஏளா, சபை வெப்சைட்டுக்கு என்ன ஆச்சு? தொறக்க மாட்டேங்கு."

"நடுக்கடல்ல உங்களுக்கு அது எதுக்கு?"

கடற்காற்றின் இரைச்சலுக்கிடையே அவன் குரல் இறங்கியது.

"நீ தனியாப் பாடுன பாட்டு வேற எங்கன இருக்கு?"

அடைத்ததைத் திறக்க ஷீஜாவின் கை நீண்டது. பிறகு வேண்டாமென்று, போனிலேயே மெல்லப் பாடத் தொடங்கினாள்.