கொளுத்திப் பார்த்த நூல்

“யாரும் கோவிச்சுக்கக் கூடாது” என்றபடி முதலாளி ஜன்னலோரமாகப் போய்த் தீக்குச்சியைக் கிழித்தார்.

புதிதாய்ப் பிறந்த பேரன் அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஒவ்வொரு சட்டையிலும் ஒரு நூலை உருவி, தாத்தா கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கப்பிள்ளை கொடுத்த சட்டையின் நூல் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

“பார்த்தீங்களா? பிளாஸ்டிக்! பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகணும். இதைப் போட்டா பச்சை உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

கணக்கப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது.

“ஊர்ல இல்லாத தாத்தா!” என்று டிரைவர் முணுமுணுத்தார்.

பார்க்க வந்திருந்த தையல்காரப் பெண்ணுக்கு மட்டும் முதலாளியின் கண்டிப்பு பிடித்திருந்தது. அவருடைய குழந்தை உடுப்புக் கம்பெனியில் அவளுக்கு லேபிள் தைக்கிற வேலை. ‘சுத்தமான பருத்தி’ என்று அச்சடித்த சின்னத் துணித்துண்டைக் கழுத்துப்பட்டியில் வைத்துத் தைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

“உன் பொண்ணுக்கு எப்படிம்மா இருக்கு?” என்று முதலாளி அவளிடம் கேட்டார்.

“உடம்பு பூரா தடிப்பு சார். ராத்திரியெல்லாம் அழுகை. நான் கண்டதைத் தின்னுட்டுப் பால் கொடுக்கறேன்னு அத்தை திட்டறாங்க. ஒரு மாசமா வெறும் சோறுதான் சாப்பிடறேன். அப்பவும் அடங்கலை.”

“துணியைப் பார்த்தியா?”

“நம்ம கம்பெனிச் சட்டையைத் தவிர வேற எதுவும் போடறதில்லை சார்.”

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“நல்ல டாக்டராப் பாரு.”

அவள் தன் பொட்டலத்தை நீட்டினாள். பிரித்துப் பார்த்த முதலாளியின் மகள் சிரித்தாள்.

“அட, நம்ம துணி! அப்பா, உங்க தீக்குச்சிக்கு இங்க வேலையில்லை. அக்கா, நீங்களே போட்டு விடுங்க.”

அவள் ஆசையோடு குழந்தையின் கையை எடுத்துச் சட்டைக்குள் நுழைத்தாள்.

“எடு! எடு அதை!” முதலாளி பாய்ந்து வந்து பிடுங்கினார். “புள்ளைக்குத் தோல் வெந்துபோயிடும்!”



“அப்பா…?” என்றாள் மகள்.

அவர் கையில் சட்டை கசங்கியது.

தையல்காரப் பெண் அதை அவர் கையிலிருந்து உருவினாள். ஜன்னலோரம் போய், அங்கிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

சட்டைக்கையின் நூலைக் கொளுத்தினாள். கறுப்பு மணி.

கழுத்துப்பட்டி நூலைக் கொளுத்தினாள். கறுப்பு மணி.

கடைசியாக, தான் தைத்த லேபிளைப் பிய்த்துக் கொளுத்தினாள்.

அது காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது.

அந்தச் சட்டையில் அது மட்டும்தான் சுத்தமான பருத்தி.