சத்தமா, இழுவையா?

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். சத்தம் வேணுமா, இழுவை வேணுமா? ரெண்டும் ஒண்ணா வராதுங்க."

கேரள எல்லையோரக் கோவிந்தாபுரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த ஹக்கீம், இரண்டு சைலன்சர்களைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார். ஒன்று ராஜ்தூத் வண்டியோடு வந்தது. மற்றது உள்ளே தகடே இல்லாத வெறுங்குழாய்.

இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, வாய்க்கால் மேடு வரை ஓட்டிப் பார்த்தார். முதலாவதில் வண்டி பூனை மாதிரி போய் வந்தது. இரண்டாவதில் மேடேறத் திணறியது. ஆனால் சத்தம் தூரத்துப் பெருமாட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

"இதே இருக்கட்டும் பாய்" என்றார், வெறுங்குழாயைக் காட்டி.

ஹக்கீமுக்கு மனசு ஆறவில்லை. வேறு யாராவது என்றால் ஆசைக்கு மாட்டிக்கொள்கிறார் என்று விட்டுவிடலாம். இவருக்கு வேலையே அரிசி கடத்துகிறவர்களைப் பிடிப்பது. தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் வரக்கூடாது என்று தடை இருந்த எழுபதுகளின் காலம் அது. பிடிக்கப் போகிறவர் யாராவது மேளம் கொட்டிக்கொண்டு போவாரா?

ஊரும் அதைத்தான் பேசியது. மனுஷனுக்குப் பந்தா என்றார்கள் சிலர். அரிசி லாரிக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறார் என்றார்கள் பலர். ஹக்கீம் இரண்டாவதைத்தான் நம்பினார்.

அடுத்த மாதம் வண்டி சர்வீசுக்கு வந்தது. மேலதிகாரி வந்திருக்கிறார், சாயங்காலம் அவரை ஏற்றிக்கொண்டு எல்லைப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் ரத்தினசாமி.

இன்றைக்காவது ஒரு லாரி மாட்டட்டும். யாரையும் கேட்காமல் ஹக்கீம் வெறுங்குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய சைலன்சரையே மாட்டி வைத்தார்.

அதிகாரியோடு வந்த ரத்தினசாமி வண்டியை உதைத்துக் கிளப்பினார். முகம் மாறியது.

"பாய், அந்தக் குழாய் எங்கே?"

"அது எதுக்குங்க சார்? இதுல போனா, கிட்டப் போற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்று ஹக்கீம் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. பின்னால் ஏறி உட்கார்ந்து, போகலாம் என்றார். ரத்தினசாமி என்ன சொல்ல முடியும்? போனார்.

இருட்டுவதற்குள் சேதி வந்துவிட்டது. மாட்டியது லாரி இல்லை, ராமாத்தாள்.

புருஷன் இல்லாதவள். எல்லைக்கு அந்தப் பக்கம் அறுப்புக்குப் போய், கூலியாகக் கிடைத்த நெல்லைக் குத்தி, அரிசியைத் தலையில் வைத்து வரப்பு வழியாகக் கொண்டு வந்து பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள். அரிசியையும் பிடுங்கிக்கொண்டு அவளையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்களாம். பிள்ளைகள் வாசலில் நின்று அழுவதாக, ஹக்கீமின் மனைவி ருக்கியா வந்து சொன்னாள்.

ஹக்கீமுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாக, பழியைத் தூக்கிப் போட ஓர் ஆள் இருந்தார்.

மறுநாள் ரத்தினசாமி பட்டறைக்கு வந்ததும் ஹக்கீம் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், லாரியெல்லாம் உட்டுப்போட்டு அந்தப் பொம்பளையவா புடிக்கோணும்?"

ரத்தினசாமி கோபப்படவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டி மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"கண்ணுல பட்டுட்டாப் புடிச்சே ஆகோணும் பாய், வேலை அப்படி. அதனாலதான் அந்தக் குழாய் கேட்டேன். நான் வர்ற சத்தம் கேட்டா, வரப்புல வர்ற பொம்பளைங்க சுமையோட தோப்புக்குள்ள ஒதுங்கிக்குவாங்க."

ஹக்கீம் கழற்றிப் போட்டிருந்த வெறுங்குழாயைத் தேடி எடுத்தார்.

"நேத்து அந்தம்மா அழுகக்கூட இல்ல பாய். 'ஏனுங்க சார், இன்னைக்கு மட்டும் ஏன் சத்தம் போடாம வந்தீங்க?'ன்னுதான் கேட்டுச்சு."